மார்ச் கடைசியில் காணாமல் போன சிவப்பு நெஞ்சுக் குருவி

தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த சிவப்பு நெஞ்சுக் குருவியை மார்ச் கடைசியிலிருந்து காணவில்லை, பூச்சிமருந்து அடித்ததால் செத்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் ஊருக்குத்தான் போயிருக்கும். நுவரெலியாவில் உங்கள் மரக்கறிப் பாத்தி ஓரம் நத்தார் காலமெல்லாம் நின்ற அந்தச் சின்னக் குருவி, நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஒக்டோபர் அளவில் நம் மலைக்கு வரும், மார்ச் முடிவில் கிளம்பிவிடும், கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில்.

எடுத்த படம் இருந்தால் சிவப்பின் இரண்டு ஓரமும் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆண் பறவை, சந்தேகமே வேண்டாம். பெண்ணில் அந்தக் கோடு தெளிவாக இருக்காது, படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம்.

ஆனால் பாத்தியருகே செத்த பறவை எதையாவது கண்டிருந்தால் கதை வேறு. அப்புறம், மருந்து நேரடியாகக் கொல்லாவிட்டாலும் அது தின்னும் பூச்சிகளை அழித்துவிடும். காஷ்மீர்ப் பக்கம் காடு அழிவதால் ஏற்கெனவே உலகளவில் ஆபத்தில் இருக்கிற பறவை, இங்கே பட்டினி கிடக்க விடக்கூடாது. ஒக்டோபருக்குப் பிறகு வேலியோர மரங்கள் பக்கமாவது மருந்தை நிறுத்திப் பாருங்கள், தயவுசெய்து அந்த மரங்களையும் வெட்ட வேண்டாம்.