உறைக்குள்ளேயே இருக்கும் கிரெடிட் கார்டு

கேள்வி: நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 2,300 வெள்ளி (ரிங்கிட்). முதல் முறையாகக் கிரெடிட் கார்டுக்கு மனு செய்தேன். கார்டு வந்து பத்து நாளாகிறது, உறையோடு அலமாரியில் கிடக்கிறது. “உடனே ஆக்டிவேட் பண்ணு” என்கிறார் கணவர். “வெட்டிப் போடு” என்கிறார் அப்பா. ஆக்டிவேட் செய்தாலே பணம் பிடிப்பார்களா? எதிலிருந்து தொடங்குவது, அக்கா?

பதில்: வெட்ட வேண்டாம் தங்கச்சி, இன்று ராத்திரியே ஆக்டிவேட் செய்யவும் வேண்டாம். முதலில் கார்டு ஒட்டி வந்த கடிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டா, முதல் வருடம் மட்டும்தான் இலவசமா, வருடத்துக்கு இத்தனை முறை பயன்படுத்தினால் தள்ளுபடி என்று நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் இல்லையென்றால் பேங்குக்குப் போன் செய்து கேளுங்கள்.

பணம் பிடிப்பார்களா என்றால், ஆமாம். சேவை வரி 25 ரிங்கிட். கார்டை ஆக்டிவேட் செய்யும்போது ஒரு முறை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு முறை. 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. கணவருக்குத் துணைக் கார்டு எடுத்தால் அதற்கும் தனியாக 25.

கடன் வரம்பையும் பாருங்கள். வருட வருமானம் 36,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவர்களுக்கு ஒரு பேங்க் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு இரண்டு மாதச் சம்பளம்தான். அவர்கள் இரண்டு பேங்குகளுக்கு மேல் கார்டு வைத்துக்கொள்ளவும் முடியாது. இது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா போட்ட விதி. உங்கள் கணக்குக்கு உச்சம் 4,600. அவ்வளவு வேண்டாம், 2,000 போதும் என்று நீங்களே சொல்லிக் குறைக்கலாம். முதல் கார்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இனி ஆக்டிவேட் செய்யும் வேலை. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: மனுவில் எழுதிய கைப்பேசி எண்தான் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? கார்டு வேலை செய்யவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பிரீபெய்டு எண்ணை டாப் அப் செய்யாமல் விட்டிருப்பார்கள், எண் செத்திருக்கும். பேங்க் அனுப்பும் குறியீடு அந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். காலாவதியான எண் பிறகு வேறொருவர் கைக்குப் போகவும் கூடும். எண் மாறியிருந்தால் ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு கிளைக்கே போய் மாற்றிவிட்டு வாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எண் சரி என்றால் வேலை ஐந்து நிமிடம். பேங்க் செயலியில் கார்டு பகுதிக்குப் போனால் ஆக்டிவேட் செய்யும் பொத்தான் இருக்கும். சில பேங்குகளில் எஸ்எம்எஸ், ஏடிஎம், அல்லது போன் வழியாகவும் செய்யலாம். போன் வழி என்றால் பேங்கின் எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்து நீங்களே பார்த்து அழுத்துங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த எண் வேண்டாம். செயலியைப் புதிதாக இறக்கியிருந்தால் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லலாம். அது கோளாறு இல்லை. திருடன் உங்கள் பெயரில் புதுக் கைப்பேசியில் நுழைந்தாலும் உடனே ஒன்றும் செய்ய முடியாதபடி வைத்த தடை அது.

அடுத்தது ஆறு இலக்க ரகசிய எண். 2017 ஜூலைக்குப் பிறகு நம் நாட்டுக் கடைகளில் கையெழுத்துப் போட்டுக் கட்டும் பழக்கம் போய்விட்டது. பிறந்த தேதி வேண்டாம். கார்டும் ஐசியும் ஒரே பர்ஸில் இருக்கும், ஐசியின் முதல் ஆறு இலக்கமே உங்கள் பிறந்த தேதிதானே. முதல் தடவை கடையில் கட்டும்போது வேவ் செய்யாமல் (இயந்திரத்தின் மேல் காட்டிக் கட்டாமல்) கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்துங்கள். சில பேங்குகளில் அப்படி ஒரு முறை செய்த பிறகுதான் வேவ் வேலை செய்யும். லெபோ பசாரில் மளிகை வாங்கும்போது இருபது, முப்பது வெள்ளிக்குச் செய்து பாருங்கள். எண் சரியாக நினைவில் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வேவ் பற்றி ஒரு விஷயம். 250 ரிங்கிட் வரை ரகசிய எண் கேட்காது. பர்ஸ் தொலைந்தால் எடுத்தவரிடமும் கேட்காது. செயலியில் இந்த வரம்பைக் குறைக்கலாம், முழுவதும் அடைத்தும் வைக்கலாம். உங்கள் செலவுக்கு 100 போதுமே.

பெட்ரோல் நிலையத்தில் கார்டைப் பம்பிலேயே செருகினால் 40 வெள்ளிக்கு எண்ணெய் அடித்தாலும் 200 வெள்ளியைச் சில நாள் பிடித்து வைப்பார்கள். 2,000 வெள்ளி வரம்பில் 200 என்பது பெரிய துண்டு. உள்ளே போய் “மூணாம் நம்பர் பம்ப், நாற்பது வெள்ளி” என்று சொல்லிக் கட்டினால் நாற்பது மட்டும்தான் போகும்.

அப்பாவின் பயம் வட்டியைப் பற்றியது என்று நினைக்கிறேன். அந்தப் பயம் சரியானது. பில் போட்ட நாளிலிருந்து குறைந்தது 20 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் முழுப் பணத்தையும் கட்டினால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. ஆனால் பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு வரி இருக்கும், வழக்கமாக நிலுவையில் 5 விழுக்காடு. 2,000 வெள்ளிக்கு 100 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால், மிச்சம் 1,900க்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் மாதம் ஏறத்தாழ 28 வெள்ளி 50 சென் போகும். உங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறிச் செலவு அது. பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டியவர்களுக்கு வட்டி 15 விழுக்காடாக இறங்கும், அதுவும் எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. ஆகவே ஆக்டிவேட் செய்த அன்றே சம்பளக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கட்டப்படும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். அதை அப்பாவிடமும் காட்டுங்கள்.

கேள்வி: கார்டு வந்த மறுநாளே பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் முழுப் பெயரைச் சொன்னார். “கார்டை ஆக்டிவேட் செய்து தருகிறேன், எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு எண்ணைச் சொல்லுங்கள்” என்றார். சொல்லவில்லை. நான் செய்தது சரியா? (வாசகர், செந்தூல்)

பதில்: மிகச் சரி, தம்பி. பேங்க் ஊழியர் அந்த எண்ணைக் கேட்கவே மாட்டார். உங்கள் பெயர் தெரிந்திருப்பதால் அவர் பேங்க்காரர் ஆகிவிடமாட்டார். கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். யாராவது எண்ணைச் சொல்லிவிட்டுப் பணமும் போய்விட்டால் உடனே பேங்குக்கும் 997க்கும் அழைக்க வேண்டும். 997 தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நஷ்டம்.

கேள்வி: குடும்பத்தோடு திருச்சிக்குப் போகிறோம். கார்டு அங்கே வேலை செய்யுமா? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: நீங்கள் திறந்துவிட்டால்தான் செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அடைத்தே வரும். செயலியில் பயணத் தேதிகளைக் கொடுத்துத் திறங்கள், திரும்பி வந்ததும் அடையுங்கள். கடையில் இயந்திரம் “ரிங்கிட்டா, ரூபாயா” என்று கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். ரிங்கிட் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் போடுவார்கள், பெரும்பாலும் உங்களுக்குத்தான் நஷ்டம். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுக்கும்போதே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி.

கேள்வி: என்னிடம் பயன்படுத்தாத கார்டு ஒன்று இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டேன். ஆனாலும் வருடக் கட்டணம் என்று பில் வருகிறது. (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நானும் ஒரு முறை அப்படிச் செய்து இரண்டு வருடம் கட்டணம் கட்டியிருக்கிறேன், அண்ணே. வெட்டியது பிளாஸ்டிக்கைத்தான். கணக்கு பேங்கில் அப்படியே திறந்திருக்கிறது. பேங்கை அழைத்து ரத்து செய்யச் சொல்லுங்கள், பயன்படுத்தாத காலத்துக் கட்டணத்தை விட்டுத்தரும்படியும் கேளுங்கள்; கேட்டால் பல சமயம் விட்டுத்தருவார்கள். அந்தக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் சந்தா ஏதும் இருந்தால் அதை முன்பே நிறுத்திவிடுங்கள். ரத்தாகிவிட்டது, நிலுவை பூஜ்யம் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு கத்தரிக்கோலை எடுங்கள், சிப்பின் நடுவே வெட்டுங்கள்.