தோணி எதன் குறியீடு?

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடி ஒரு கதையை வாசித்துப் பேசுவது வழக்கம். போன மாதம் உங்கள் தோணிக் கதையை எடுத்துக்கொண்டோம். வாவிக்கரையில் மூழ்கிக் கிடக்கும் தோணி, அதை விற்றுவிடச் சொல்லும் மகன், ஞாயிறுதோறும் தண்ணீரை இறைத்து அதை மிதக்கவிட்டு, பிறகு தன் கையாலேயே மறுபடி மூழ்கடிக்கும் கிழவர். அவ்வளவுதான் கதை.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், தோணி என்பது நம் இனம் என்றார். கோயிலில் தேவாரம் ஓதும் பெரியவர், தோணி உடம்பு, வாவி பிறவிக்கடல் என்றார். எனக்கோ அது கிழவரின் இறந்துபோன மனைவி என்று பட்டது. அவரைப் பற்றிக் கதையில் ஒரே ஒரு வரிதான் வருகிறது, அதுவும் தோணிக்குப் பக்கத்தில் வருகிறது. ஒன்றரை மணி நேரம் வாதாடினோம். அப்போது தேநீர் கொண்டுவந்த அந்த வீட்டுப் பெரியவர், முன்பு வாவியில் மீன்பிடித்தவர், "பலகை காயாமல் இருப்பதற்குத்தானே தோணியைத் தாழ்த்து வைப்பது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களில் யார் சொன்னது சரி? எழுத்தாளர் ஒளித்துவைத்ததைத் தேடி எடுப்பதுதான் வாசிப்பா? என் மாணவர்கள் எதைக் கற்பித்தாலும் "இது எதன் குறியீடு, மிஸ்?" என்று கேட்கிறார்கள். நான் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொண்டதும் கவிதையை மூடிவிடுகிறார்கள். உருவகக் கதையையும் குறியீட்டையும் அவர்களுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கூட்டத்தில் அன்று கதையை வாசித்தவர் தேநீர் கொண்டுவந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாசிப்பதற்கு முன்பே விளக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

மரத்தோணியைக் கரையில் ஏற்றி வெயிலில் விட்டால் பலகை சுருங்கும், பொருத்து விட்டுப்போகும். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் சில கிழமைகள் போதும். பிறகு வாவியில் இறக்கினால் நாலு பக்கமும் தண்ணீர் ஏறும். ஆகவே கொஞ்ச நாட்களுக்குத் தொழிலுக்குப் போவதில்லை என்றால் தோணியை ஆழமில்லாத இடத்தில் தாழ்த்து வைப்பார்கள். மரம் ஊறிப் பலகைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு கிடக்கும். மூழ்கிய தோணி என்றதும் அதிபருக்கு அழிவு தெரிந்தது, தேவாரப் பெரியவருக்கு மரணம் தெரிந்தது, உங்களுக்கு இழப்பு தெரிந்தது. தொழில் தெரிந்தவருக்குப் பாதுகாப்பு தெரிந்தது. இதை அறிந்துகொண்டு உங்கள் மூன்று விளக்கங்களையும் திரும்பப் பாருங்கள். மூன்றும் தலைகீழாகின்றன. மனைவியை இழந்த ஒருவர் ஞாயிறுதோறும் அந்தத் தோணியை மேலே எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்டுப்போகாமல் இருப்பதற்காக மறுபடி தண்ணீருக்குள் வைக்கிறார் என்றால், நீங்கள் சொன்னதைவிட நல்ல கதை அது. நான் எழுதியதைவிடவும் நல்ல கதையாக இருக்கலாம்.

எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதுதான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. காரணம், கதையிலிருந்து ஒரு வரியை எடுத்து அதன்மேல் ஊன்றி நிற்கிறீர்கள். அதிபரின் விளக்கத்துக்கு எந்த வரியும் தேவையில்லை. என் கதையில் தோணிக்குப் பதிலாக ஒரு கிணற்றையோ தறித்த பனையையோ வைத்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் எழுதத் தொடங்கிய காலம் அப்படி. சோதனைச்சாவடியில் பையைக் கிளறுகிறவரும் ஒரு வாசகர்தான் என்ற நினைப்போடு எழுதினோம். காகம் என்று எழுதினால் அதைக் காகம் என்று யாரும் வாசிக்கவில்லை. மழை என்றால் மழை இல்லை. மறைத்து எழுதுவது அன்று குடைபோல உதவியது. வெயில் மழை இரண்டும் நின்ற பிறகும் கையில் பிடித்த குடையை நம் தலைமுறை மடக்கவில்லை.

இப்போது உங்கள் மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு வெளியூர் இலக்கணம் எதுவும் வேண்டாம். நீங்கள் நிற்கும் மருத நிலமே போதும். குறுந்தொகையின் எட்டாம் பாட்டை எடுங்கள், ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்

வயலோரத்து மாமரத்தில் பழுத்து விழுகிற பழத்தை வயலை அடுத்த நீர்நிலையில் கிடக்கும் வாளை கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன். சொல்கிறவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்ததாகக் கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்து ஆட்களின் காதில் விழும்படி சொல்கிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால் கண்ணாடிக்குள் தெரியும் பாவைபோல, இவள் கை தூக்கினால் கை தூக்குகிறான், கால் தூக்கினால் கால் தூக்குகிறான் என்பது மீதிப் பாட்டு.

கண்ணாடிப் பாவைக்குப் 'போல' இருக்கிறது. பார்த்த உடனே விளங்கும். தொல்காப்பியர் அதை ஏனை உவமம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறார், அது தானாகவே விளங்கிவிடும் என்று. வாளைக்குப் 'போல' இல்லை. அது உள்ளுறை, சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல் காட்சிக்குள் வைப்பது. வாளை மரத்தில் ஏறவில்லை, கல் எறியவில்லை, பழத்தை மயக்கவும் இல்லை. பழம் தானாகப் பழுத்துத் தானாக விழுந்தது. "நான் போய் அவனைப் பிடிக்கவில்லை" என்கிறாள். தன்மீது வைக்கப்பட்ட பழிக்கு ஒரு மீனை விட்டுப் பதில் சொல்கிறாள்.

வகுப்பில் இதைச் சொன்ன கையோடு "வாளை = பரத்தை, பழம் = தலைவன்" என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். மாணவர்களிடம் வேறொன்று கேளுங்கள். இதே இரண்டு வரியைத் தலைவி சொல்லியிருந்தால்? வாளையின் முகமே மாறிவிடும். வாய் திறந்து காத்துக்கிடக்கும் பிராணி ஆகிவிடும். பழமோ, வளர்த்த மரத்தைவிட்டு இன்னொருவர் தண்ணீரில் விழுந்த நன்றி கெட்ட பழம். மீனும் பழமும் அதேதான். யார், யாருக்கு, எந்தக் கோபத்தில் சொல்கிறார் என்பதுதான் மாறியது. உள்ளுறை மீனுக்குள் இல்லாமல் அந்தப் பேச்சுக்குள் இருப்பதால்தான் கொப்பியில் எழுதிவைத்தாலும் அது பிடிபடுவதில்லை.

தொல்காப்பியத்தில் இன்னொரு விதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளுறை கருப்பொருளில்தான், அதாவது அந்தந்த நிலத்துக்குரிய தெய்வம், மரம், விலங்கு போன்றவற்றில்தான் பிறக்க வேண்டும், ஆனால் தெய்வம் கூடாது என்கிறது. கருப்பொருள் பட்டியலில் தெய்வம்தான் முதலில் நிற்கும், இங்கு மட்டும் அதை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று உரையாசிரியர்கள் சொல்வது இருக்கட்டும், என் ஊகம் இது: தெய்வம் ஏற்கெனவே பொருளால் நிரம்பி வழிகிறது. அதற்குள் இன்னொரு பொருளை வைக்க இடமில்லை. மீனுக்குள் இடம் இருக்கிறது.

உருவகக் கதை வேறு சரக்கு. அதில் ஆசிரியர் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருப்பார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் அப்படிப்பட்டது. ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1894இல் வந்த காப்பியம். பயணம் என்றால் ஆன்மாவின் பயணம், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நமக்குப் பக்கத்தில், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் பாட்டு இன்னும் நல்ல உதாரணம். உங்கள் மாணவர்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். வள்ளலின் அடிக்கு வாய்த்த மலர் எது என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்கிறார்:

வெள்ளை நிறப்பூவுமல்ல வேறெந்த மலருமல்ல
உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது

பூ பூவல்ல என்று பாட்டே சொல்லிவிடுகிறது. அடுத்து கூப்பிய கை காந்தள், பிறகு விழி நெய்தல். ஒன்றுக்கு ஒன்று. இங்கே "எதன் குறியீடு?" என்று கேட்கும் மாணவருக்கு வேலையே இல்லை. இதனால் இது தாழ்ந்த கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். சாவி கிடைத்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது பாருங்கள். பெண்ணின் விரலுக்குக் காந்தளையும் கண்ணுக்கு நெய்தலையும் சொல்லிச் சொல்லித் தேய்த்தவர்கள் சங்கத்து அகப்பாட்டுக்காரர்கள். அடிகள் பக்திக்கு வந்தபோது அந்தக் காதல் பூக்களையே கொண்டுவந்தார். 'அடி' என்று தோழியை விளிக்கும் குரலும் கூடவே வந்துவிட்டது. துறவி எழுதிய பாட்டில் ஒரு காதலியின் கை கூப்பியிருக்கிறது. கொப்பிக் குறிப்பில் இது வராது.

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்தி நடக்கும்போது நான் சிறுவனாக ஒரு கேள்வி கேட்டேன். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனின் சூடு தணியத்தான் குளிர்த்தி என்று சொல்லியிருந்தார்கள். "எரித்து எவ்வளவு காலம், இன்னுமா அம்மனுக்குச் சூடு ஆறவில்லை?" என்றேன். பூசை செய்யும் கட்டாடியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வைகாசி மத்தியானத்தில் வெறுங்காலோடு வெளி வீதியில் நின்று பார்" என்றார். நின்றும் பார்த்தேன். அம்மனின் கோபம், நிலத்தின் வெக்கை, அம்மை நோய், வராத மழை எல்லாம் அந்த ஒரு பானைத் தண்ணீருக்குள் இருந்தன. எது எதைக் குறிக்கிறது என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. எனக்குக் கால் சுட்டது.

எழுத்தாளர் ஒளித்துவைக்கிறாரா என்ற கேள்விக்குப் பாரதியைவிட நன்றாக யாரும் பதில் சொன்னதில்லை. குயில், மாடு, குரங்கு, முற்பிறப்பு என்று ஒரு முழுக் கனவையும் சொல்லி முடித்துவிட்டு, குயில் பாட்டின் கடைசியில் புலவர்களைக் கூப்பிடுகிறார்: கற்பனையே ஆனாலும் "வேதாந்த மாக விரித்துப் பொருளுரைக்க யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?" இது அழைப்பா கிண்டலா என்று எனக்கு இருபது வயதில் ஒரு முடிவு இருந்தது, இப்போது வேறொரு முடிவு இருக்கிறது. புலவர்கள் கிண்டலைக் கவனிக்காமல் அன்றிலிருந்து விரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் விரித்த சில நன்றாகவும் இருக்கின்றன.

என் கதையைப் பொறுத்தவரை, நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஒளித்துவைக்கப் பார்த்தேன் என்பதுதான் உண்மை. முதற்பிரதியின் கடைசி வரியில், கிழவர் தோணியைப் பார்த்து 'நம் வாழ்க்கையும் இப்படித்தான்' என்று நினைப்பதாக எழுதியிருந்தேன். வாசித்த நண்பர் ஒருவர் அந்த வரியின்மேல் பென்சிலால் கோடு போட்டு, "தோணிக்கு வாழ்க்கை பற்றி என்ன தெரியும்?" என்று ஓரத்தில் எழுதித் தந்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வரியை வெட்டினேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த பெரியவரையும் வட்டத்தில் உட்காரவையுங்கள், தேநீரை அதிபர் ஊற்றட்டும். தோணியை எத்தனை நாள் தாழ்த்து வைப்பார்கள், எப்படி இறைப்பார்கள், பொருத்துக்கு என்ன பூசுவார்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு கதையை எடுங்கள். எனக்கும் எழுதி அனுப்புங்கள். நான் பார்த்தது சின்ன வயதில்.

கதையில் வரும் தோணி என் பெரியப்பாவினுடையது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது அது அப்படித்தான் வாவிக்குள் தாழ்ந்து கிடந்தது. காலையில் போய்ப் பார்த்தோம். கரையில் ஏற்றிக் கட்டியிருந்த தோணிகள் தென்னந்தோட்டத்துக்குள் கவிழ்ந்தும் பிளந்தும் கிடந்தன. பெரியப்பாவின் தோணி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இதை நான் கதையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அந்தப் பெரியவர்கூட அதைத் தோணி என்று வாசித்திருக்கமாட்டார்.