வயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்துப் போனால் முதலில் ரிசீவரைப் பாருங்கள்

கும்பகோணம் டிடிபி கடை, லினக்ஸ் மின்ட், பத்திரிகை ஃபைல்களைப் பென்டிரைவுக்கு மாற்றும்போதெல்லாம் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது என்கிறீர்கள். பென்டிரைவ் என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு சார். யூஎஸ்பி 3 ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது, அதனால் நீல யூஎஸ்பி 3 போர்ட்டை ஒட்டிச் செருகிய ரிசீவருக்கு, அதாவது மவுஸோடு வரும் குட்டி யூஎஸ்பி துண்டுக்கு, பாதி சேதி போய்ச் சேராது. லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டாலும் தீராது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி ரிசீவரை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

சும்மா கிடந்த மவுஸைத் தொட்டால் மட்டும் முழிக்க நேரமாகிறதா? அப்படியென்றால் பவர்டாப் என்ற மின்சாரம் மிச்சம் பிடிக்கும் லினக்ஸ் கருவியில் ஆட்டோ டியூன் ஓடி, சும்மா கிடக்கும் ரிசீவரைத் தூங்கவைத்திருக்கலாம். பவர்டாப்பின் ட்யூனபிள்ஸ் பக்கத்தில் ரிசீவர் வரியில் என்டர் தட்டி ‘குட்’ (மின்சார மிச்சம் உண்டு) என்பதை ‘பேட்’ (மிச்சம் இல்லை) ஆக்குங்கள்.