ஆயிரம் பேர் பந்தியில் எத்தனை கை நடுங்கும்?

கேள்வி: டாக்டருங்க, எங்கப்பாவுக்கு 63 வயசு. சென்னிமலைப் பக்கம் கைத்தறி நெய்யறார். ஏழெட்டு வருசமா ரெண்டு கையும் நடுங்குதுங்க. சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாது. டீ டம்ளரை எடுத்தா தளும்பும். அறுந்த இழையை முடிச்சுப் போடறதுக்குள்ள நாலு தரம் தவறும். பங்காளி வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் மொய் எழுதறது அவர்தான். இப்பக் கண்ணு தெரியலைன்னு சாக்குச் சொல்லி நோட்டைத் தொடறதே இல்லை. குடிப்பழக்கம் சுத்தமாக் கிடையாது, ஆனா ஊருக்குள்ள அப்படித்தான் பேசறாங்க. எங்க பெரியம்மா பையன், "இது பார்க்கின்சன், லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்"ங்கறார். நெசமாவே அத்தனை அபூர்வமான வியாதிங்களா? எங்க அப்பாருக்கும் (அப்பாவோட அப்பா) கடைசிக் காலத்துல தலை ஆடுமாம். தம்பிக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்கறோம். வெளிய சொல்றதா, மறைக்கறதான்னு தெரியலைங்க.
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மணி, உங்கள் பெரியம்மா மகன் சொன்னதில் ரெண்டு தப்பு. பார்க்கின்சன் என்பது உடம்பின் அசைவை மந்தமாக்கி, விறைப்பும் நடுக்கமும் தருகிற மூளை நோய். லட்சத்தில் ஒருவர் என்பது அதற்கே பொருந்தாது. அதைவிட முக்கியம், நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பார்க்கின்சனைவிட வேறொன்றின் சாயல்தான் அதிகம் தெரிகிறது. நேரில் பார்க்காமல் எந்த டாக்டரும் பெயர் சூட்டக் கூடாது, நானும் சூட்டவில்லை. ஆனால் கை சும்மா இருக்கும்போது அடங்கியிருந்து, வேலை செய்யும்போது மட்டும் ரெண்டு கையும் நடுங்குவது, வருசக்கணக்கில் மெதுவாகக் கூடுவது, குடும்பத்தில் மூத்தவருக்கும் இருந்தது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 'எசென்ஷியல் ட்ரெமர்'. அப்பாருக்குத் தலை ஆடியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். இந்த நடுக்கம் சிலருக்குத் தலையிலும் குரலிலும் வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எல்லா வயதினரையும் கணக்கில் எடுத்து, ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு எசென்ஷியல் ட்ரெமர் இருக்கிறது. 65 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர். நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்தால் பத்துப் பேருக்காவது இருக்க வேண்டும், அதில் பெரும்பாலோர் வயசானவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஈரோடு மாவட்டத்தில் 22.5 லட்சம் பேர். நூற்றுக்கு ஒன்று என்று தோராயமாகப் போட்டாலும் இருபதாயிரத்துக்கு மேல் வருகிறது. சென்னிமலை, பெருந்துறை, பவானி, கோபி என்று எந்த ஊர் பஸ் ஏறினாலும் உங்கள் அப்பாவுக்குக் கூட்டாளி இருப்பார்.

பிறகு ஏன் ஒருத்தரையும் கண்ணில் பார்க்கவில்லை? அவர்களும் கண்ணு தெரியலை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மொய் நோட்டை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது, டம்ளரை ரெண்டு கையாலும் பிடிப்பது, பந்தியில் ரசமும் பாயாசமும் வரும்போது "போதுங்க" என்று இலையை மடிப்பது, விருந்தாளிக்குத் தண்ணிச் சொம்பை நீட்டாமல் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வது. பேங்க்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினதும் மகனை விட்டுப் பணம் எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் இதற்காக ஒரு டாக்டரையும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டி எண்ணினால் கணக்குக் குறைவாகத்தான் வரும். வீடு வீடாகப் போய், "டம்ளரைத் தூக்குங்க, கையை நீட்டுங்க" என்று கேட்டு எண்ணினால்தான் நிஜம் தெரியும்.

அப்படி எண்ணியும் இருக்கிறார்கள். 1980-களில் மும்பையின் பார்சி குடியிருப்புகளில் சுமார் 14,000 பேரை வீடு வீடாகப் பார்த்தார்கள். பார்க்கின்சன் லட்சத்துக்கு 328 பேருக்கு இருந்தது. அதே மக்களிடையே எசென்ஷியல் ட்ரெமர் ஆயிரத்துக்குப் பதினேழு பேர் அளவில் இருந்தது, அதாவது ஐந்து மடங்கு. இந்தியாவிலேயே இன்னொரு கணக்கு: பெங்களூரு வட்டாரத்தில் வீடு வீடாகப் பார்த்ததில் பார்க்கின்சன் லட்சத்துக்கு 33 பேர்தான். ஒரே நாட்டில் பத்து மடங்கு வித்தியாசமா என்று மலைக்க வேண்டாம். பார்சிகளிடையே முதியவர்கள் அதிகம், பார்க்கின்சனோ வயசோடு கூடுகிற வியாதி. யாரை எண்ணினார்கள், எந்த வயசுக்காரர்கள், லேசான நடுக்கத்தையும் சேர்த்தார்களா என்று கேட்காமல் ஒற்றை எண்ணை மட்டும் செல்போனில் பார்த்தால் உங்கள் பெரியம்மா மகன் மாதிரிதான் ஆகும். உலக அளவில் 2019-இல் பார்க்கின்சன் உள்ளவர்கள் 85 லட்சத்துக்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதுவே அபூர்வம் இல்லை. அதைவிடப் பரவலான இந்த நடுக்கத்துக்குத்தான் நம் ஊரில் பேரே தெரியாமல், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வாராவாரம் சத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊசியால் இந்த நடுக்கம் நிற்காது.

குடிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்துப் பழகியவர் நிறுத்தும்போது கை நடுங்கும், அது உண்மை. எசென்ஷியல் ட்ரெமரில் விவகாரம் நேர்மாறு: பலருக்குக் கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் நடுக்கம் சற்று நேரம் அடங்கும், பிறகு அதிகமாகத் திரும்பும். இதைத் தெரிந்துகொண்டு விசேஷத்துக்குப் போகுமுன் "மருந்துக்கு" என்று ஆரம்பித்து மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு யாராவது அந்த யோசனை சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அல்லது பக்கத்தில் உள்ள நியூரோ டாக்டர் யாரிடமாவது காட்டுங்கள். போகும்போது ரெண்டு சாமான் கையோடு போகட்டும். ஒன்று, அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையும். வீசிங்குக்கு எடுக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் போன்றவை நடுக்கத்தைக் கூட்டும். தலைசுத்தலுக்கு என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிற சின்னாரிசின் பார்க்கின்சன் மாதிரியே ஆக்கிவிடும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இன்னொன்று, அந்த மொய் நோட்டு. பத்து வருசத்துக்கு முந்தையதும் கடைசியாக எழுதியதும் கிடைத்தால் ரொம்ப நல்லது. எழுத்து பெரிசாகவே இருந்து கோடெல்லாம் நெளிந்திருந்தால் அது எசென்ஷியல் ட்ரெமரின் சாயல். வரி போகப் போக எழுத்து சிறுத்து, நெருங்கிக் குறுகினால் அது பார்க்கின்சனின் அடையாளம். இதற்கு ஈடான ஸ்கேன் இல்லை என்றே சொல்வேன். எந்த நடுக்கம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் கண்ணும் கையும் வைத்துத்தான். தாளில் ஒரு சுருள் வரையச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள், தைராய்டுக்கு ரத்தம் எடுப்பார்கள்.

மாத்திரை இருக்கிறது. ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் இரண்டும் முதலில் கொடுப்பவை. பாதிப் பேருக்காவது நன்றாகக் குறையும், முழுசாக நிற்பது குறைவு. ஆஸ்துமா இருந்தால் ப்ரொப்ரனலால் ஆகாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரென்றால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும் என்பதால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். தொந்தரவு இல்லாதவருக்கு மருந்தே தேவையில்லை. உங்கள் அப்பாவுக்குத் தறி வேலை கெடுகிறதே, அதனால் கேட்டுப் பார்க்கலாம். டீயையும் காபியையும் குறைத்துப் பார்க்கட்டும், டம்ளரை அரைவாசி மட்டும் நிரப்பிக் கொடுங்கள்.

தம்பி கல்யாணம். இந்த நடுக்கம் குடும்பத்தில் வருவது உண்டு. வழிவழியாக வருகிற குடும்பங்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் பெரும்பாலும் நடுவயசுக்கு மேல்தான், எவ்வளவு கடுமையாக வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆயுசைக் குறைப்பதும் இல்லை. மறைக்காதீர்கள் என்பது என் கட்சி. நிச்சயத்துக்கு வரும் பெண் வீட்டார் உங்கள் அப்பா தண்ணிச் சொம்பை நீட்டும்போதே பார்த்துவிடப் போகிறார்கள். அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிட்டால் குடிப்பழக்கமோ என்கிற சந்தேகமும் அதோடு போகும். மேலே போட்ட கணக்கை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 65 தாண்டியவர்களில் இருபது பேருக்கு ஒருவர். பெண் வீட்டிலும் அப்புச்சி, அமுச்சி, பெரியப்பன் என்று எண்ணிக்கொண்டு போனால் ஒரு நடுங்கும் கை அகப்பட்டாலும் அகப்படும்.

எசென்ஷியல் ட்ரெமர் என்றே முடிவானாலும் சிலவற்றைக் கவனித்துக்கொண்டிருங்கள்: நடுக்கம் ஒரே பக்கம் கூடி, கை மடியில் சும்மா இருக்கும்போதும் வருவது, நடக்கும்போது ஒரு கை வீச்சு இல்லாமல் தொங்குவது, சட்டைப் பட்டன் போடவே நேரமாவது, வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கைகாலை உதறுவது. இவற்றில் ஒன்றிரண்டு தென்பட்டால் அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.