கீழக்கரை அடுப்படி: ஒரே சட்டியில் கோசும் இறாலும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் முட்டைக்கோசையும் இறாலையும் ஒரே இரும்புச் சட்டியில் வதக்கி ராச்சாப்பாட்டை முடித்துக்கொள்வார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்தத் தடவை முழுக்க அந்தச் சட்டியைப் பற்றியே பேசுவோம்.

லாத்தா, என் மருமகள் ஹூஸ்டனில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஆசையாகச் செய்தாள். கோசு தண்ணீர் விட்டுக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. இறால் ரப்பர். வீடெல்லாம் ஒரு வாடை. பிள்ளையின் முகம் வாடிப்போனது. எங்கே தவறியது? – வாசகி, தொண்டி

மருமகளிடம் முதலில் சொல்லுங்கள், அவள் கையில் குறை இல்லை. என் தங்கச்சி மகள் அதே ஊரிலிருந்து வந்து என் அடுப்படியில் செய்தபோதும் இதேதான் ஆனது. பக்கத்தில் நின்று பார்த்ததால் எங்கே தவறியது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, உப்பும் தூவி, மூடியும் வைத்துவிட்டாள். ஒரே சட்டியில் செய்வது என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவது என்று அர்த்தமில்லை.

முட்டைக்கோசில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அது வெளியே வரும். மூடி வைத்தால் போக வழியில்லாமல் சட்டியிலேயே தேங்கும். பிறகு அது வதங்குவதில்லை, அவிகிறது. கோசில் கந்தகச் சத்து உண்டு. வேக வேக அது வாயுவாகக் கிளம்பும். உங்கள் வீட்டில் அடித்த வாடை அதுதான். சீக்கிரம் சமைத்தால் அந்த வாடை வராது, இனிப்பு மட்டும் நிற்கும்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். நாலு பேருக்கு முக்கால் கிலோ கோசு, உரித்த இறால் அரை கிலோ. கோசைப் பொரியலுக்கு அரிவதுபோல நறுக்கவே கூடாது. இரண்டு விரல் அகலத்துக்குச் சதுரமாக வெட்டுங்கள். கழுவிய கோசை வடிகட்டியில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். இறாலையும் ஒரு துணியில் பரப்பி ஒற்றியெடுங்கள். ஈர இறாலைப் போட்டால் சட்டியின் சூடு அங்கேயே செத்துப்போகும்.

அகலமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றுங்கள். பரமக்குடிக்காரருக்குக் கீழே சொல்லியிருக்கிற மிளகாய்ப்பொடியைப் பிரட்டிய இறாலை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிஷம், மறுபக்கம் அதைவிடக் குறைவு. பிறைபோல வளைந்தால் வெந்துவிட்டது. வால் தலைப்பக்கத்தைத் தொட்டு வளையமாகிவிட்டால் கைமீறிவிட்டது. இங்கே முழுக்க வேகக்கூட வேண்டாம், நடுவில் கொஞ்சம் கண்ணாடிபோல இருக்கும்போதே தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அதே சட்டியில் இறால் விட்ட சாறு அடியில் பிடித்திருக்கும். கழுவிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான். வெங்காயம், குடைமிளகாய், தட்டிய பூண்டு போட்டு வதக்கினால் அந்தப் பிடிப்பு தானே விட்டு வரும். பிறகு கோசில் பாதி. தீ முழுசாக எரியட்டும், மூடி வேண்டாம். பாதி சுருங்கியதும் மீதி.

இப்போது சட்டிக்குக் காது கொடுங்கள். முதலில் சளசளவென்று நீர் கொதிக்கிற சத்தம் கேட்கும். நாலைந்து நிமிஷத்தில் அது மெலிந்து, எண்ணெய் சடசடவென்று பேச ஆரம்பிக்கும். கோசின் ஓரம் காப்பிப் பொடி நிறத்தில் கருகத் தொடங்கும், நடுத்தண்டு மட்டும் கடிக்கக் கடுக்கென்று இருக்கும். அந்த நேரத்தில் உப்பு. அதன்பின் இறாலைத் தட்டில் ஊறிய சாறோடு திரும்பப் போட்டு ஒரே பிரட்டு, தீயை அணையுங்கள். எலுமிச்சையை இறக்கியபிறகுதான் பிழிய வேண்டும். இரும்பில் புளிப்பு நின்றால் தகர ருசி ஏறும்.

'சதர்ன் ஸ்டைல்' என்றால் நம்ம தென்னாட்டு முறையா? – வாசகர், திருவாடானை

இல்லை தம்பி. லூயிசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, கரோலினா என்று அமெரிக்காவின் தெற்கே இருக்கிற மாநிலங்கள். லூயிசியானாவுக்கு முன்னால் மெக்சிகோ வளைகுடா, இறாலுக்குப் பேர்போன கடல். அந்தச் சமையலை உருவாக்கிய கைகளில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுடையது. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் அவர்கள் வழியாகத்தான் அந்த மண்ணுக்குப் போயின. அங்கே 'கம்போ' என்று ஒரு குழம்பு இருக்கிறது. அந்தப் பெயரே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 1755-இல் கனடாப் பக்கமிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சுக்காரர்களில் பலர் லூயிசியானாவில் வந்து குடியேறினார்கள். அவர்கள் வழிச் சமையல்தான் 'கேஜன்'. பறிகொடுத்த ஊரை நினைத்து ஆக்கிய சாப்பாடு அது. அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை.

அவர்கள் இதில் பன்றி இறைச்சியை உருக்கித்தான் ஆரம்பிக்கிறார்களாம். நமக்கு ஆகாது. அது இல்லாமல் அந்த ருசி வருமா, லாத்தா? – வாசகி, பெரியபட்டினம்

வரும். அந்த இறைச்சி சட்டிக்குக் கொடுப்பது மூன்று: புகை வாசம், உப்பு, கொழுப்பு. இந்த மூன்றையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தால் போதும். அந்த ஊரிலேயே பன்றி சாப்பிடாதவர்கள் புகைபோட்ட வான்கோழி இறைச்சியில் செய்கிறார்கள்.

நம்மிடம் அதைவிட நல்லது இருக்கிறது, மாசி. சூரை மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்தது. மாலத்தீவும் இலங்கையும் நமக்குத் தந்த பழக்கம். எங்கள் உம்மா மாசியை ஒரு தகர டப்பாவில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பார்கள். டப்பாவைத் திறந்தால் விறகடுப்பு, கடல், பழைய படகு எல்லாம் சேர்ந்த ஒரு வாசம் வரும். வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கட்டைபோல 'டக்' என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். உடைத்த இடம் தேக்கு வரிபோலக் கருஞ்சிவப்பாக இருப்பது நல்ல மாசி.

கட்டைவிரல் அளவுத் துண்டை உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடியுங்கள். இறாலை எடுத்து வைத்தபிறகு, வெங்காயத்துக்கு முன்னால், எண்ணெயில் போட்டுப் பத்து எண்ணுங்கள். கருகவிட்டால் கசக்கும். ஒரு தேக்கரண்டி நெய்யும் அப்போது சேருங்கள். பக்ரீத் கழிந்த வாரமாக இருந்தால் ஆட்டுக்கொழுப்பில் ஒரு துண்டை உருக்கிக்கொண்டு எண்ணெயைக் குறைக்கலாம். மாசியில் உப்பு உண்டு, ஆகவே கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும்.

மாசி கிடைக்காத ஊரில் நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துப் போடலாமா என்று இன்னொரு சகோதரி கேட்டிருக்கிறார். போடலாம், நன்றாக இருக்கும். புகை வாசம் மட்டும் வராது.

கேஜன் பொடி கடையில் கொள்ளை விலை. நம்ம முண்டு மிளகாயில் செய்ய முடியுமா, அக்கா? – வாசகர், பரமக்குடி

முண்டு விளைகிற மண்ணில் இருந்துகொண்டு நீங்கள் கடைப்பொடி வாங்கவே வேண்டாம், தம்பி. கேஜன் பொடியில் இருப்பது காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடி, காரமான மிளகாய்ப் பொடி, மிளகு, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, தைம், ஆரிகானோ என்ற இரண்டு இலை, உப்பு. இவ்வளவுதான். நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று அவர்கள் இரண்டு மிளகாய் போடுகிறார்கள். தோல் தடித்து, உருண்டையாக, நிதானமான காரத்தோடு இருக்கிற நம்ம முண்டு இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழையை நம்பி இதைப் பயிர்செய்கிற சம்சாரிகளுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டிய மரியாதை.

தைமுக்கு ஓமம் போடுங்கள். இரண்டிலும் வாசம் தருவது தைமால் என்ற ஒரே எண்ணெய்ச் சத்து. ஆரிகானோவுக்குக் கொல்லையில் இருக்கிற கற்பூரவல்லி. எட்டு முண்டு மிளகாயை விதை தட்டிவிட்டு வெறும் சட்டியில் சூடேற்றி, ஒரு தேக்கரண்டி மிளகு, கால் தேக்கரண்டி ஓமம் சேர்த்துக் கொரகொரவென்று பொடியுங்கள். அரைக் கிலோ இறாலுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். பூண்டும் வெங்காயமும் பச்சையாகவே சட்டியில் விழுவதால் அவற்றின் பொடி வேண்டாம். கற்பூரவல்லி ஒரே ஓர் இலை, பொடியாக அரிந்து இறக்கும்போது தூவுங்கள். இரண்டு இலை போட்டால் கஷாயம்.

சோம்பு, பட்டை, மல்லி எதையும் தொடாதீர்கள். தொட்டால் அது இறால் வறுவலாகிவிடும். இறால் வறுவல் எனக்கு உயிர், ஆனால் அதை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றும் சேர்ந்தால்தான் லூயிசியானா சமையல், அதை அவர்கள் 'புனித மூன்று' என்றே சொல்வார்கள். செலரிக்கு நான் கொத்தமல்லியின் அடித்தண்டைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன்.

அக்கா, எங்க வீட்டுக்காரர் நாட்டுப்படகுல போறவர். தடைக்காலத்துல விசைப்படகு நின்னுடும், இறால் வரத்து கம்மி. ஆனா கணவாயும் நண்டும் வீட்டுக்கு வரும். அதை வச்சு இதைச் செய்யலாமா? – வாசகி, பாம்பன்

தாராளமாகச் செய்யலாம், தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது நம் சட்டியைக் காப்பாற்றுவது உங்கள் வீட்டுப் படகுதான்.

ஊசிக்கணவாய் என்றால் மை, உள்ளே இருக்கிற கண்ணாடி எலும்பு, மேல்தோல் எல்லாவற்றையும் எடுத்து வளையமாக வெட்டுங்கள். கொதிக்கிற எண்ணெயில் ஒன்றரை நிமிஷம், எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிஷம் தாண்டினால் செருப்புத்தோல்தான். அப்புறம் முக்கால் மணி நேரம் வேகவைத்தால்தான் மறுபடி மெத்தென்று ஆகும், அதற்கு இந்தச் சட்டியில் இடமில்லை. ஓட்டுக்கணவாய் தடித்தது. அதன் உள்பக்கம் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் சூடு சமமாக ஏறும்.

நண்டுக்குக் கணக்கு நேர்மாறு. ஓடு இருப்பதால் நேரம் எடுக்கும். நீலக்கால் நண்டை இரண்டாக வெட்டி, கால்களை லேசாகத் தட்டி, முதலில் போட்டு எட்டுப் பத்து நிமிஷம் மூடி வைத்து வேகவிடுங்கள். இந்த இடத்தில் மட்டும் மூடி வேண்டும். வெந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு கோசுக்கு வாருங்கள். வயிற்றில் சினை ஒட்டிய நண்டு வலையில் ஏறினால் உயிரோடு கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

அம்மா, எங்க ஊருக்குக் கடல் தூரம். ஐஸ் இறால்தான் கிடைக்கும். ஆகுமா? – வாசகி, முதுகுளத்தூர்

ஆகும் மகளே. முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெல்ல இளகவிடு. வெந்நீரில் போடாதே. இளகியபின் தண்ணீரைக் கொட்டி, துணியில் இரண்டு தடவை ஒற்று. சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் தலையைப் பிடித்துப் பார். தலையும் உடம்பும் சேருகிற இடம் தொளதொளத்தாலோ, மூக்கைக் குத்துகிற வாடை வந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. அன்றைக்கு வெறும் கோசும் மாசியும் போட்டு முட்டை உடைத்துவிட்டால் போதும்.

இதை எதோடு சாப்பிடுவது? மிச்சமிருந்தால்? – வாசகர், சாயல்குடி

அங்கே மக்காச்சோள மாவில் சுட்ட ரொட்டியோடு சாப்பிடுவார்கள். புது வருஷத்தன்று கோசும் தட்டைப்பயறும் சாப்பிட்டால் வீட்டில் பணம் சேரும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கோசிலையை நோட்டாகவும் பயறைச் சில்லறையாகவும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் தட்டைப்பயறை உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்து, சூடான சோற்றோடு சகன் என்கிற பெரிய தட்டின் நடுவில் குவித்து, சுற்றிலும் கோசையும் இறாலையும் பரப்பிவிடுவேன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் யார் பக்கம் இறால் கூடுதல் என்று பேரப்பிள்ளைகள் எண்ணுவார்கள். நான் என் பக்கத்து இறாலை மெல்ல அவர்கள் பக்கம் தள்ளிவிடுவேன்.

மிச்சம் வைப்பதானால் இறாலைப் பொறுக்கித் தின்றுவிடுங்கள், மறுசூட்டில் அது இறுகிப்போகும். கோசை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் தோசைக்கல்லில் கொட்டிக் கரகரவென்று முறுகவிட்டு, பரோட்டாவுக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொண்டுவரும்.