திட்டும்போது சிரிச்சா என்ன அர்த்தம்?

கேள்வி: எங்க டீம்ல ஒரு ஜப்பான்காரர் இருக்காரு. போன வாரம் வீடியோ கால்ல அவர் பண்ணின ஒரு தப்ப சொல்லி கொஞ்சம் காட்டமாவே பேசிட்டேன், மனுஷன் கேக்க கேக்க சிரிச்சுக்கிட்டே இருக்காரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நக்கலா சார் அது?

பதில்: கோவம் வர்றது நியாயந்தான், ஆனா அது அனேகமா நக்கல் இல்லீங்க, சங்கடம். பத்து பேர் நடுவுல மாட்டிக்கிட்டா நம்ம மூஞ்சிலயும் ஒரு இளிப்பு வருமே, அசடு வழியறதுன்னு சொல்றோம், அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான் இது. பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன்னு ரெண்டு சைக்காலஜி ஆளுங்க ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் காலேஜ் பசங்களுக்கு பாக்கவே கூசற மாதிரி படங்கள போட்டு விட்டு, அவங்களுக்கே தெரியாம அவங்க மூஞ்சிய படம் புடிச்சாங்க, 1972ல அது வெளிய வந்துச்சு. தனியா உக்காந்து பாத்தப்ப ரெண்டு நாட்டுப் பசங்களும் ஒரே மாதிரிதான் முகம் சுளிச்சிருக்காங்க. ஆராய்ச்சி பண்றவர் ஒருத்தர் கூட வந்து உக்காந்ததும் ஜப்பான் பசங்க மட்டும் சுளிப்ப முழுங்கிட்டு சிரிப்ப ஒட்டிக்கிட்டாங்க. உள்ள இருந்த அருவருப்பு அதேதான், யார் எதிர்ல எத காட்டலாம்ங்கற கணக்குதான் வேற. (இந்த ஆராய்ச்சிய அப்புறம் நோண்டி குறை சொன்னவங்களும் இருக்காங்க, அது பெரிய கதை.)

உங்க விஷயத்துல கூட வந்து உக்காந்தவர் நீங்கதான், போதாக்குறைக்கு கால்ல இன்னும் எத்தன பேரோ. அடுத்த தடவ தனியா கூப்பிட்டு, ஏன் பண்ணினீங்கன்னு கேக்காம இத எப்படி சரி பண்ணலாம்னு கேளுங்க, அப்பவும் அந்த சிரிப்பு இருக்கான்னு பாருங்க.

கேள்வி: பயம் மாதிரி விஷயமாவது எல்லா நாட்லயும் ஒரே முகம்தானே?

பதில்: ரொம்ப நாளா அப்படித்தான் நம்பிட்டு இருந்தாங்க. 1960கள்ல அதே எக்மன் பாப்புவா நியூ கினியாவுக்கு போயி ஃபோரே மக்கள்கிட்ட ஒரு கதை சொல்லி, அதுக்கு பொருந்தற முகம் இருக்கற போட்டோவ பொறுக்கச் சொன்னப்ப பெரும்பாலும் ஒத்துப்போச்சு, பயத்தையும் ஆச்சரியத்தையும் பிரிக்கறதுல மட்டும் தடுமாறினாங்க. ஆனா 2016ல அதே நாட்டுல, ட்ரோப்ரியண்ட் தீவுகள்ல இளவட்டங்ககிட்ட ஒரு போட்டோ காட்டினாங்க, கண்ண அகல விரிச்சு வாயப் பொளந்து நிக்கற முகம், நம்மள கேட்டா பயந்து போயிருக்கான்னு உடனே சொல்லிடுவோம். அங்க பல பேரு இவன் கோவத்துல மெரட்டறான்னு சொல்லிட்டாங்க!

கேள்வி: அந்த ஜப்பான் ஸ்மைலிக்கெல்லாம் ஏன் வாயே மாறறதில்ல?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. 1982ல அமெரிக்காவுல வந்த :-) எடுத்துக்கிட்டா கண்ணு வெறும் ரெண்டு புள்ளி, அது எப்பவும் அப்படியேதான் இருக்கும், வாய வளைச்சாத்தான் சோகமே. ஜப்பான்ல (^_^) சந்தோஷம், (;_;) அழுகை, வாய் ரெண்டுலயும் ஒரே கோடு. முகத்த படிக்கறப்ப அவங்க கண்ண அதிகமா பாக்கறாங்க, அமெரிக்கக்காரங்க வாயத்தான் பாக்கறாங்கன்னு 2007ல ஒரு ஆராய்ச்சியும் வந்துச்சு. முதல் கேள்வி கேட்டவர் அந்த வீடியோ கால்ல எத பாத்தாரோ!