முகப்பில் எதற்கு எந்த இடம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இசை இதழ்கள் பலவற்றின் முகப்பில் பாடகரின் தலை இதழின் பெயரையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. இது பிழையல்லவா? பாடப் பயிற்சிக்காகப் புதிய இசை இதழ் ஒன்றின் முகப்பை வடிவமைத்துவரும் நான் இம்முறையைப் பின்பற்றலாமா?

பதில்: பிழையன்று. ஆனால், அது நெடுநாள் பழகிய இதழ்களுக்கு மட்டுமே உரிய சலுகை. 1967இல் தொடங்கப்பட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் வளைந்த எழுத்துகளில் மூன்று நான்கு மறைந்தாலும், எஞ்சியவற்றின் வடிவத்தைக் கொண்டே வாசகர் அதை அடையாளம் கண்டுகொள்வார். உங்கள் இதழின் பெயரையோ எவரும் இன்னும் ஒருமுறைகூடப் படித்ததில்லை. எனவே, முடியின் நுனி ஓர் எழுத்தின் ஓரத்தைத் தொடுவதற்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம்.

மறைப்பதைவிட, பெயரின் எழுத்துகளிலேயே இசையின் தன்மையைக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். கடின ராக் இசைக்காக 1981இல் வந்த ‘கெராங்!’ இதழின் பெயரே கிதார் தந்திகளை ஓங்கி மீட்டும்போது எழும் ஒலியைக் குறிப்பது; அதன் எழுத்துகளும் அடிபட்டு விரிசல் விட்டவை போலவே அமைந்தன. 1986இல் தொடங்கிய ‘கியூ’ இதழுக்கோ சிவப்புச் சதுரத்துக்குள் ஒற்றை வெள்ளை எழுத்தே போதுமானதாக இருந்தது. அச்சதுரம் இடப்பக்க மேல்மூலையில் நின்றதற்கும் காரணம் உண்டு: கடைத்தட்டில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கும்போது பெரும்பாலும் இடப்பக்க விளிம்போ மேல்விளிம்போதான் வெளியே தெரியும். முக்கியமான தலைப்பு வரிகளை இடப்பக்க மூன்றிலொரு பங்கில் வைக்கும் வழக்கமும் இதிலிருந்தே வந்தது.

கேள்வி: முகப்பில் இருப்பவர் நம்மை நேராகப் பார்த்தே ஆக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் ஆம். அறியாத முகமாயினும், மார்பளவுப் படத்தில் ஒரு ஜோடிக் கண்கள் நம்மையே நோக்கினால், கடந்து செல்பவரின் பார்வை ஒரு கணமாவது அங்கே நிற்கும். இசைக்குழுவாக இருந்தால் முதன்மைப் பாடகரை ஓரடி முன்னே நிறுத்தி, அவர் கண்களை மற்றவர்களின் கண்களைவிடச் சற்றே பெரிதாகத் தெரியச் செய்வார்கள்.

இவ்விதியை முற்றிலும் மீறிய முகப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். என்னை இன்றும் நெகிழச் செய்யும் முகப்பு அது. 1980 டிசம்பர் 8 அன்று, ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவின் பாடகராக இருந்த ஜான் லெனான் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படத்தில் லெனான் ஆடையின்றி, கருவிலிருக்கும் குழந்தைபோல் உடலைச் சுருக்கி, முழு ஆடையுடன் படுத்திருக்கும் தம் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார்; இருவரில் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ அப்படத்தைத் தலைப்பு வரி ஒன்றுகூட இல்லாமல் 1981 ஜனவரி 22 இதழின் முகப்பில் வெளியிட்டது. முந்தைய 40 ஆண்டுகளின் மிகச் சிறந்த அமெரிக்க இதழ் முகப்பாக 2005இல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம் இதையே தேர்ந்தெடுத்தது. நடந்ததை அனைவரும் அறிந்திருந்ததால் அங்கே சொற்களுக்குத் தேவை எழவில்லை. அறிமுகமில்லாத கலைஞரை முன்வைக்கும்போது அந்த மௌனம் உதவாது.

கேள்வி: எத்தனை நிறங்கள், எத்தனை எழுத்துருக்கள் பயன்படுத்தலாம்?

பதில்: மூன்று நிறங்களும் இரண்டு எழுத்துருக்களும் போதும். நிறங்களில் ஒன்றையாவது கலைஞரின் உடையிலிருந்தோ இசைக்கருவியிலிருந்தோ எடுத்துக்கொண்டால், படமும் எழுத்தும் தனித்தனியே நில்லாமல் ஒன்றிப்போகும். எழுத்தளவில் கலைஞரின் பெயர் முதலிலும், அவரது நேர்காணலிலிருந்து எடுத்த கூர்மையான வாக்கியம் அடுத்தும், மற்றச் செய்திகள் இறுதியிலும் வரட்டும். பார்கோடுக்கான வெண்ணிறக் கட்டத்தைத் தொடக்கத்திலேயே கீழ்மூலையில் ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் நினைவு வந்து ஒட்டினால், அது பெரும்பாலும் கிதார் வாசிக்கும் விரல்களின் மீதுதான் போய் அமரும்.